மலேசியாவில் அதிகாரம் யார் கையில்? மாமன்னர், சுல்தான்கள், பிரதமர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 நவம்பர் 19 அன்று மலேசியப் பொதுத்தேர்தல் நடந்தது. பிரதமர் யார் என்று தெரிய 24ஆம் தேதி ஆகிவிட்டது. இடைப்பட்ட நாள்களில் இங்கே முதல் முறை வாக்களித்த பிள்ளைகளும் தமிழ்நாட்டுச் சொந்தங்களும் என்னிடம் கேட்டவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அதன் பிறகும் ஒரு மன்னிப்பு, ஒரு பதவி விலகல் என்று எது செய்தியில் வந்தாலும் அதே கேள்விகள் திரும்ப வருகின்றன. நான் வழக்கறிஞன் இல்லை. அரசியலமைப்புப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தி படிக்கிற பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்த மாதிரியே வைத்திருக்கிறேன்.

1. அங்கே நடக்கிறது ராஜா ஆட்சியா, மக்களாட்சியா? ஒரே வரியில சொல்லுங்க.

மக்களாட்சி. அரசாங்கத்தை நடத்துவது பிரதமரும் அமைச்சரவையும். நாட்டின் தலைவர் மாமன்னர். மலாயில் யாங் டி-பெர்துவான் அகோங்.

தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்கள் இந்தியக் குடியரசுத் தலைவரை நினைத்துக்கொண்டு தொடங்கலாம், பெரிய தப்பில்லை. ஆனால் ஆறாவது கேள்விக்கு வரும்போது அந்த ஒப்புமை போதாமல் போய்விடும். இன்னொன்று: ரிங்கிட் நோட்டில் இருக்கும் முகம் முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மானுடையது. முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் வேறு ஆள். இந்தக் குழப்பம் இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கே உண்டு.

2. ராஜா மொத்தம் எத்தனை பேர்? சிலர் ஒண்ணுங்கறாங்க, சிலர் ஒன்பதுங்கறாங்க.

இரண்டும் சரி. 13 மாநிலங்களில் ஒன்பதுக்குப் பரம்பரை ஆட்சியாளர்கள் உண்டு. கெடா, கிளந்தான், ஜொகூர், பகாங், பேராக், சிலாங்கூர், திரெங்கானு ஆகிய ஏழிலும் சுல்தான். பெர்லிசில் ராஜா. நெகிரி செம்பிலானில் யாங் டி-பெர்துவான் பெசார். பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் நான்குக்கும் அரச பரம்பரை இல்லை. அங்கே மாமன்னர் நியமிக்கும் ஆளுநர். அந்த ஒன்பது பேரில் ஒருவர்தான் நாட்டுக்கே மாமன்னர் ஆகிறார்.

நெகிரி செம்பிலான் தனிக் கதை. அங்கே தந்தைக்குப் பின் மகன் என்று தானாக வருவதில்லை. சுங்கை உஜோங், ஜெலுபு, ஜொகோல், ரெம்பாவ் ஆகிய நான்கு பகுதிகளின் உண்டாங் எனப்படும் தலைவர்கள் கூடி, அரச குடும்பத்து ஆண்களிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1957இல் நாட்டுக்குச் சுழற்சி முறை மன்னர் என்ற ஏற்பாடு வந்தபோது அது வெறும் காகித யோசனையாகத் தோன்றாததற்கு இந்த உள்ளூர் வழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

3. அஞ்சு வருஷத்துக்கு ஒரு ராஜான்னா அது எலெக்‌ஷன்தானே? யாரு ஓட்டுப் போடுறா?

ஒன்பது ஆட்சியாளர்களும் மட்டும். அவர்கள் கூடும் அமைப்புக்கு ஆட்சியாளர் மன்றம் என்று பெயர். நான்கு ஆளுநர்களும் அந்த மன்றத்தில் உண்டு. ஆனால் மாமன்னர் தேர்வில் அவர்களுக்கு இடமில்லை. மாநிலங்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முறை யாருடையதோ அவர் பெயரை வைத்து இரகசிய வாக்கெடுப்பு. குறைந்தது ஐந்து வாக்கு வேண்டும். வேண்டாம் என்று அவரே விலகலாம், தகுதியில்லை என்று மன்றமும் தாண்டிப் போகலாம். முதல் சுற்று 1957இல் நெகிரி செம்பிலானில் தொடங்கியது. ஒன்பது மாநிலங்களும் முடிந்து 1994இல் மறுபடியும் அங்கிருந்தே தொடங்கியது.

முறை மாநிலத்துக்கு உரியது என்பதால் வேடிக்கைகளும் நடந்திருக்கின்றன. கெடா சுல்தான் அப்துல் ஹலீம் 1970இல் ஒரு தடவை, 2011இல் ஒரு தடவை என்று இரண்டு முறை மாமன்னராக இருந்தார். 2019 ஜனவரி 6 அன்று கிளந்தான் சுல்தான் ஐந்தாம் முகமது தவணை முடியும் முன்பே பதவி விலகினார். சுதந்திரத்துக்குப் பிறகு அப்படி விலகிய முதல் மாமன்னர் அவர். அடுத்த முறை பகாங்குக்கு. அங்கே சுல்தான் உடல்நலம் குன்றியிருந்தார். ஜனவரி 15 அன்று மகன் அப்துல்லா சுல்தான் ஆனார், 24 அன்று மாமன்னராகத் தேர்வானார், 31 அன்று அரியணை ஏறினார்.

மன்றம் கொடுத்ததை மன்றமே திரும்பப் பெறவும் முடியும். மாமன்னரை நீக்கவும் ஐந்து வாக்கு போதும். இதுவரை அது நடந்ததில்லை.

4. மாமன்னராப் போயிட்டா சொந்த மாநிலத்தை யாரு பார்ப்பா?

இடைக்கால ஆட்சியாளர் ஒருவரை நியமித்துவிட்டுப் போவார், பெரும்பாலும் பட்டத்து இளவரசர். மாநிலத்தின் இஸ்லாமியச் சமயத் தலைவர் என்ற பொறுப்பு மட்டும் அவரிடமே இருக்கும்.

5. கையெழுத்துப் போடறதைத் தவிர அவருக்கு என்னதான் வேலை?

சட்டப்படி பார்த்தால் பெரும்பாலும் அதுதான். அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும் என்கிறது 40ஆவது விதி. 1994இல் அதை இறுக்கி, ஆலோசனையை ஏற்று அதன்படியே செயல்பட வேண்டும் என்று ஒரு உட்பிரிவும் சேர்த்தார்கள். அமைச்சர் நியமனம், தூதர் நியமனம், நாடாளுமன்றத் தொடக்க உரை எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். ஆயுதப் படைகளின் தலைமைத் தளபதி என்ற பட்டமும் உண்டு. அதற்காகப் படையை அவர் இஷ்டத்துக்கு அனுப்ப முடியாது.

அதே விதி மூன்று விஷயங்களை அவர் சொந்த முடிவுக்கு விட்டிருக்கிறது. பிரதமரை நியமிப்பது. நாடாளுமன்றத்தைக் கலைக்கக் கேட்டால் மறுப்பது. ஆட்சியாளர்களின் சலுகைகள் பற்றி மட்டும் பேச மன்றத்தைக் கூட்டுவது. மூன்றாவதை விட்டுவிடுவோம். முதல் இரண்டில்தான் எல்லாச் சண்டையும் இருக்கிறது.

இந்த வாசகங்களுக்கு அடித்தளம் போட்டது 1956இல் அமைந்த ரீட் ஆணையம். அதில் இருந்த ஐந்து பேரில் ஒருவர் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி மாலிக். இந்திய அரசியலமைப்பைப் படித்தவர்களுக்கு இங்குள்ள சில விதிகள் எங்கேயோ பார்த்த மாதிரி இருப்பது தற்செயல் அல்ல.

6. பிரதமரை நாமதானே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம்? நடுவுல மாமன்னர் எதுக்கு?

நாம் தேர்ந்தெடுப்பது நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரை. பிரதமரை நியமிப்பது மாமன்னர். மக்களவை உறுப்பினர்களில் யார் பெரும்பான்மையின் நம்பிக்கையைப் பெறக்கூடும் என்று ‘அவருடைய கணிப்பில்’ படுகிறதோ, அவரை நியமிக்க வேண்டும் என்கிறது 43ஆவது விதி. அதிக இடம் வென்ற கட்சித் தலைவர் என்று அதில் எங்கேயும் இல்லை. 222 இடங்களில் 112 பேர் யார் பின்னால் நிற்கிறார்கள் என்பதே கேள்வி.

1957 முதல் 2018 வரை ஏதாவது ஒரு கூட்டணி தெளிவாக ஜெயித்துக்கொண்டே இருந்தது. கணிக்க ஒன்றுமில்லை, மாமன்னர் நியமனக் கடிதம் கொடுத்தார், முடிந்தது. விதியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. 2020இல் எண்ணிக்கை குழம்பியது, அதே விதி உயிர் பெற்றுவிட்டது. பிப்ரவரி 24 அன்று பிரதமர் மகாதீர் பதவி விலகினார். ஆளும் கூட்டணியான பக்காத்தான் ஹராப்பான் உடைந்தது. சுல்தான் அப்துல்லா நாடாளுமன்ற உறுப்பினர்களை இரண்டு நாள் அரண்மனைக்கு அழைத்து, தனித்தனியாக, உங்கள் ஆதரவு யாருக்கு என்று கேட்டார். வாசலில் காத்துக் கிடந்த செய்தியாளர்களுக்கு மாமன்னரே துரித உணவுப் பொட்டலம் கொடுத்த படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. மார்ச் 1 அன்று முகைதீன் யாசின் பிரதமரானார். மறு வருடம் அவரும் விலகினார். அப்போது கோவிட் காலம். யாருக்கு ஆதரவு என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தொலைநகலிலோ மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பச் சொன்னது அரண்மனை. ஆதரவு வந்தது இஸ்மாயில் சப்ரிக்கு, 114 பேர். அவர் பிரதமரானார்.

2022தான் உச்சம். தேர்தலில் எந்தக் கூட்டணிக்கும் 112 இல்லை. பெயர் கொடுக்க 21ஆம் தேதி மதியம் 2 மணி வரை நேரம் கொடுத்த அரண்மனை, பிறகு அதை ஒரு நாள் நீட்டித்தது. இரண்டு அணியும் சேர்ந்து ஆளலாமே என்று அன்வார் இப்ராஹிமையும் முகைதீனையும் அழைத்துச் சொல்லிப் பார்த்தார் மாமன்னர், முகைதீன் மறுத்துவிட்டார். 30 இடம் வைத்திருந்த மூன்றாவது கூட்டணி, தேசிய முன்னணி (பாரிசான் நேஷனல்), முதலில் யாருக்கும் ஆதரவில்லை என்று நின்றது, பிறகு இறங்கி வந்தது. 24 காலை ஆட்சியாளர் மன்றத்தின் சிறப்புக் கூட்டம், மாலை அன்வார் பதவியேற்பு. மாமன்னர் பிரதமரை உருவாக்கினாரா, இருந்த எண்ணிக்கையைக் கண்டுபிடித்தாரா என்று கேட்டால், 2020இலும் 2021இலும் கண்டுபிடித்தார். 2022இல் அந்த எண்ணிக்கை உருவாகவே கை கொடுத்தார் என்பேன்.

7. பிடிக்கலைன்னா பிரதமரை வீட்டுக்கு அனுப்ப முடியுமா?

முடியாது. மற்ற அமைச்சர்கள் மாமன்னர் விரும்பும் வரை பதவியில் இருப்பார்கள் என்று சொல்லும் 43ஆவது விதி, பிரதமரை அதிலிருந்து பெயர் சொல்லி விலக்குகிறது. அமைச்சர்களை நீக்குவதும் பிரதமர் ஆலோசனைப்படிதான். பெரும்பான்மையின் நம்பிக்கை போனால் பிரதமர் விலக வேண்டும், அல்லது கலைக்கக் கேட்க வேண்டும். சரி, நம்பிக்கை போனதை யார் சொல்வது? சபையில் வாக்கெடுப்பு நடந்தே ஆக வேண்டுமா?

இதற்கு நீதிமன்றங்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. 1966இல் சரவாக் முதலமைச்சர் ஸ்டீபன் காலோங் நிங்கானை, உறுப்பினர்கள் கையெழுத்திட்ட கடிதத்தை வைத்து ஆளுநர் நீக்கினார். சபையில் வாக்கெடுப்பு இல்லாமல் செல்லாது என்றது நீதிமன்றம், நிங்கான் திரும்ப வந்தார். கூட்டரசு (மத்திய) அரசாங்கம் உடனே சரவாக்கில் அவசரகாலம் அறிவித்து, மாநில அரசியலமைப்பை மாற்றி, மறுபடி அவரை இறக்கியது.

இரண்டாவது 2009 பேராக். 59 இடச் சட்டமன்றத்தில் பக்காத்தான் ராக்யாட் கூட்டணிக்கு 31, தேசிய முன்னணிக்கு 28. மூன்று பேர் விலகி எதிர்ப்பக்கம் சாய, கணக்கு தலைகீழானது. மந்திரி பெசார் (சுல்தான் உள்ள மாநிலத்தின் முதலமைச்சர்) நிசார், சட்டமன்றத்தைக் கலைக்கச் சொல்லி சுல்தான் அஸ்லான் ஷாவிடம் கேட்டார். சுல்தான் மறுத்து, தேசிய முன்னணியின் சம்ரியை நியமித்தார். இந்தச் சுல்தான் ஒரு காலத்தில் நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்றம் நிசார் பக்கம், மேல்முறையீட்டு நீதிமன்றம் சம்ரி பக்கம். 2010 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் கடைசி வார்த்தை சொன்னது: நம்பிக்கை இழந்ததை அறிய சபை வாக்கெடுப்பு ஒன்றே வழி என்றில்லை. மாமன்னர் அரண்மனையில் அழைத்துக் கேட்பதற்கும் கடிதம் வாங்குவதற்கும் இன்று பலம் தருவது இந்தத் தீர்ப்புதான்.

8. பேராக்ல சபாநாயகரை இழுத்துட்டுப் போனாங்களே, அவரு நம்ம ஆளுதானே? அது என்ன கதை?

வி. சிவகுமார். பேராக் சட்டமன்றச் சபாநாயகராக இருந்த தமிழர். 2009 மார்ச் 3 அன்று சட்டமன்றக் கட்டடத்துக்குள் விடாததால், ஈப்போவில் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தடியில் கூட்டத்தை நடத்தி நிசாருக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டார். மே 7 அன்று சபை கூடியபோது எதிர்த்தரப்பு ஆர். கணேசனைச் சபாநாயகர் என்று அறிவித்தது, அவரும் தமிழர்தான். ஒரு சபை, இரண்டு சபாநாயகர்கள், இரண்டு மந்திரி பெசார்கள். சிவகுமார் இருக்கையை விட்டு நகரவில்லை. கடைசியில் பிடித்து இழுத்து வெளியே கொண்டு போனார்கள். தொடக்க உரையாற்ற வந்த பேராக் பட்டத்து இளவரசர் ராஜா நஸ்ரின் இதெல்லாம் ஓயும் வரை பல மணி நேரம் ஓர் அறையில் காத்திருந்தார். சிவகுமார் 2022இல் கூட்டரசு மனிதவள அமைச்சர் ஆனார்.

9. பிரதமர் கேட்டா நாடாளுமன்றத்தைக் கலைச்சே ஆகணுமா?

ஐந்தாவது பதிலில் சொன்ன இரண்டாவது அதிகாரம் இதுதான்: மறுக்கலாம். கேட்காமல் தானாகக் கலைக்க முடியாது. மாநிலங்களிலும் இதே முறை. பேராக்கில் மறுத்ததைப் பார்த்தோம்.

சபாவில் 2020 ஜூலையில் நேர் எதிராக நடந்தது. முன்னாள் முதலமைச்சர் மூசா அமான் பெரும்பான்மை தன்னிடம் இருக்கிறது என்று அறிவித்தார். மறுநாளே முதலமைச்சர் ஷாபி அப்டால் கலைக்கக் கேட்டு, ஆளுநர் சம்மதித்தார். ஏறக்குறைய ஒரே நிலைமை, இரண்டு முடிவு. இரண்டும் சட்டத்துக்கு உட்பட்டவை. சொந்த முடிவு என்று சட்டம் விட்டுவைத்தால் இப்படித்தான் ஆகும். இதில் முரண் தேடிப் பயனில்லை.

10. நாடாளுமன்றம் போட்ட சட்டத்துல மாமன்னர் கையெழுத்துப் போடலைன்னா?

30 நாள் பொறுத்திருந்தால் கையெழுத்து இல்லாமலே சட்டமாகிவிடும். இங்கே வர ஒரு பெரிய மோதல் தேவைப்பட்டது. 1983இல் மகாதீர் அரசாங்கம், சம்மதம் தராவிட்டாலும் மசோதா சட்டமாகும் என்றும், அவசரகாலத்தைப் பிரதமரே முடிவு செய்வார் என்றும் திருத்தம் கொண்டு வந்தது. அந்தத் திருத்த மசோதாவுக்கே அன்றைய மாமன்னர் சம்மதம் தரவில்லை. மகாதீர் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார். 1984இல் சமரசம் ஆனது: அவசரகால விஷயம் கைவிடப்பட்டது, மாமன்னர் மசோதாவை ஆட்சேபத்தோடு நாடாளுமன்றத்துக்குத் திருப்பி அனுப்பலாம். 1994இல் அந்தத் திருப்பி அனுப்பும் உரிமையும் போய், 30 நாள் கெடு மட்டும் மிஞ்சியது.

2016இல் தேசியப் பாதுகாப்பு மன்றச் சட்டத்தின் சில பகுதிகளைச் செம்மைப்படுத்தச் சொன்னது ஆட்சியாளர் மன்றம். அரசாங்கம் மாற்றவில்லை. கெடு முடிந்தது, அரச சம்மதம் இல்லாமலே அது சட்டமானது. ஆட்சியாளர்களின் அதிருப்தி ஊருக்கே தெரிந்தது, ஆனாலும் சட்டம் வருவதை அது தடுக்கவில்லை.

11. அப்போ மூணில் ரெண்டு பங்கு வெச்சிருந்தா எதை வேணும்னாலும் மாத்திடலாமா?

இல்லை. பத்தாவது பதிலைப் படித்துவிட்டு ஆட்சியாளர்கள் பல்லில்லாதவர்கள் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். சில விதிகளை மாற்ற ஆட்சியாளர் மன்றத்தின் சம்மதம் கட்டாயம். இங்கே 30 நாள் கெடு கிடையாது, சம்மதம் இல்லையென்றால் இல்லைதான். ஆட்சியாளர்களின் பதவி, சலுகை, மரியாதையைத் தொடும் சட்டம் எதுவும் அவர்கள் ஒப்பாமல் நிறைவேறாது. குடியுரிமைப் பகுதி, தேசிய மொழி பற்றிய 152ஆவது விதி, மலாய்க்காரர்கள் மற்றும் சபா, சரவாக் பூர்வகுடிகளின் சிறப்பு நிலை பற்றிய 153ஆவது விதி ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு.

நம்மவர்கள் 153ஐப் பாதி மட்டும் படிக்கிறார்கள். மற்ற சமூகங்களின் நியாயமான நலன்களைக் காப்பதும் மாமன்னரின் பொறுப்பு என்று அதே வரி சொல்கிறது. 152 மலாயைத் தேசிய மொழி என்கிறது. கூடவே பிற மொழிகளைக் கற்பிக்கவும் கற்கவும் தடையில்லை என்கிறது. தமிழ்ப்பள்ளி பற்றிப் பேசுகிறவர்கள் கை வைக்கும் வரி அது. அதை மாற்றவும் ஆட்சியாளர் மன்றத்தைத் தாண்ட வேண்டும். வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்குச் சமக் குடியுரிமை தரும் திருத்தம் 2024இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் மன்றத்தின் சம்மதத்தோடுதான்.

12. அவசரகாலத்தை அறிவிக்கறது யாரு முடிவு? ஒரு தடவை மாட்டேன்னாரு, அப்புறம் சரின்னாரு.

விதி 150 சொல்வது: நாட்டுக்குக் கடும் ஆபத்து இருப்பதாக மாமன்னருக்குத் திருப்தி ஏற்பட்டால் அறிவிக்கலாம். அந்தத் திருப்தி அவருடையதா, அமைச்சரவையுடையதா? இப்படி எழுதியிருந்தால் அமைச்சரவையின் கூட்டுக் கருத்து என்றே பொருள் என்று 1978இல் இலண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது. அப்போது மலேசிய வழக்குகளுக்கு அதுதான் கடைசி மேடை.

2020 அக்டோபரில் நடந்தது வேறு. கோவிட் காரணம் காட்டி முகைதீன் அவசரகாலம் கேட்டார். சுல்தான் அப்துல்லா மற்ற ஆட்சியாளர்களைக் கலந்தார். 25ஆம் தேதி, தேவையில்லை என்று அரண்மனை அறிவித்தது. இதற்காக யாரும் நீதிமன்றம் போகவில்லை. மூன்று மாதம்கூட ஆகாமல், 2021 ஜனவரி 12 அன்று அவசரகாலம் வந்தது, ஆகஸ்ட் 1 வரை. நாடாளுமன்றம் கூடவில்லை. ஜூனில் ஆட்சியாளர்கள் சீக்கிரம் கூட்டுங்கள் என்றார்கள். ஜூலை 26 அன்று கூடியபோது, அவசரச் சட்டங்களை அரசாங்கம் ஏற்கெனவே ரத்து செய்துவிட்டது என்றார் சட்ட அமைச்சர். தம் சம்மதம் பெறாத ரத்து அது என்று 29ஆம் தேதி மாமன்னர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். பதவியில் இருக்கும் அரசாங்கத்தை அரண்மனை இவ்வளவு நேராகக் கண்டித்தது அபூர்வம். ஆகஸ்ட் 16 அன்று முகைதீன் விலகினார். அறிக்கை மட்டும் அவரை விலக்கவில்லை. சொந்தக் கூட்டணியில் ஆள் குறைந்துபோயிருந்தது. அந்தப் பலவீனம் இல்லாவிட்டால் அறிக்கைக்கும் அவ்வளவு எடை இருந்திருக்காது.

13. அன்வாருக்கு முழு மன்னிப்பு, நஜிப்புக்குப் பாதித் தண்டனை. இது மாமன்னர் இஷ்டம்தானே?

தனியாக உட்கார்ந்து எழுதிக் கொடுக்கும் விஷயம் இல்லை. 42ஆவது விதிப்படி மன்னிப்பு வாரியம் உண்டு. கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான் பகுதிக் குற்றங்களுக்கு மாமன்னர் தலைமையில் வாரியம் கூடும். சட்டத்துறைத் தலைவரின் (அட்டர்னி ஜெனரல்) கருத்தைப் பார்த்தாக வேண்டும். மாநிலக் குற்றங்களுக்கு அந்தந்த ஆட்சியாளர் தலைமையில் வாரியம்.

அன்வார் 2018 மே 16 அன்று, ஆட்சி மாறிய ஒரே வாரத்தில் வெளியே வந்தார். முன்னாள் பிரதமர் நஜிப்பின் 12 வருடத் தண்டனை ஆறாகவும், 210 மில்லியன் ரிங்கிட் அபராதம் 50 மில்லியனாகவும் குறைந்தது. வாரியம் கூடியது 2024 ஜனவரி 29, சுல்தான் அப்துல்லாவின் தவணை முடிய ஒரு நாள் இருந்தபோது. இரண்டிலும் காரணத்தை விரிவாகச் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. என்னைக் கேட்டால் மொத்த ஏற்பாட்டிலும் வெளிச்சம் குறைந்த மூலை இதுதான்.

14. ராஜா தப்பு செஞ்சா கேஸ் போட முடியுமா?

1993 வரை முடியாது. 1992இல் ஜொகூரில் ஒரு ஹாக்கி பயிற்சியாளர், சுல்தான் தன்னைத் தாக்கியதாகப் புகார் கொடுத்தது பெரும் பிரச்சினையாகி, மகாதீர் அரசாங்கம் ஆட்சியாளர்களின் தனிப்பட்ட சட்ட விலக்கை நீக்கியது. இப்போது 182ஆவது விதிப்படி சிறப்பு நீதிமன்றம் உண்டு. ஐந்து நீதிபதிகள், அதில் இருவரை ஆட்சியாளர் மன்றம் நியமிக்கும். வழக்குத் தொடுக்கச் சட்டத்துறைத் தலைவரின் அனுமதி வேண்டும். 2008இல் ஒரு வங்கி தொடுத்த வழக்கில், நெகிரி செம்பிலான் ஆட்சியாளர் பத்து லட்சம் அமெரிக்க டாலர் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பானது.

15. ராஜாவைப் பத்திப் பேசினாலே உள்ளே தள்ளிடுவாங்களாமே?

1948ஆம் ஆண்டு தேசநிந்தனைச் சட்டம் இன்னும் இருக்கிறது. ஆட்சியாளர் மீது வெறுப்பைத் தூண்டுவது குற்றம். அவர் தவறாக வழிநடத்தப்பட்டார், தவறிவிட்டார் என்று சுட்டிக்காட்டுவது மட்டுமே குற்றமாகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. எங்கே கோடு என்பது வழக்கு வந்தபிறகே தெரியும் என்பதால், பலரும் பேசுவதே இல்லை.

16. மாநிலத்துல சுல்தான்கள் மந்திரி பெசாரை மாத்தியே போடுறாங்க. பிரதமருக்கு அப்படி நடக்கலையே, ஏன்?

விதியின் வாசகம் ஒன்றுதான். 2008இல் திரெங்கானுவிலும் பெர்லிசிலும் தேசிய முன்னணி முன்வைத்த பெயருக்குப் பதில் அதே கட்சியின் வேறொருவர் நியமிக்கப்பட்டார். 2014இல் சிலாங்கூரில் அன்வாரின் மனைவி வான் அசிசாவின் பெயர் மட்டும் வந்தபோது, இரண்டுக்கு மேல் பெயர் கொடுங்கள் என்றது அரண்மனை. நியமனம் அஸ்மின் அலிக்குப் போனது. மாநிலத்தில் சுல்தான் ஆயுள் முழுக்க இருப்பவர், ஊர்க் கட்சிக்காரர்கள் எல்லாரையும் தெரிந்தவர், அவரைப் பகைத்துக்கொண்டு அங்கே அரசியல் செய்வது கஷ்டம். மாமன்னர் ஐந்து வருடத்தில் ஊர் திரும்ப வேண்டியவர். இது சட்டத்தில் எழுதாத வித்தியாசம். ஆனால் எழுதியதைவிட இது அதிகம் வேலை செய்கிறது.

17. இப்போதைய மாமன்னர் பெட்ரோனாசும் (தேசிய எண்ணெய் நிறுவனம்) ஊழல் தடுப்பு ஆணையமும் தன்கிட்ட அறிக்கை கொடுக்கணும்னு சொன்னாரே, அது நடக்குமா?

ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் 2024 ஜனவரி 31 அன்று அரியணை ஏறும் முன், ஒரு சிங்கப்பூர் நாளிதழுக்கு அப்படிச் சொன்னது உண்மை. சொல்லலாம். நடக்க வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டத்தை மாற்ற வேண்டும், அதற்கான மசோதாவை அமைச்சரவை கொண்டு வர வேண்டும். ஐந்தாவது பதிலில் சொன்ன மூன்றில் இது வராது.

18. கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்துருச்சே. இனி மாமன்னர் ஆள் எண்ண வேண்டிய அவசியம் வராதா?

வரலாம். 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 49ஏ விதி, கட்சியை விட்டு விலகும் உறுப்பினரின் இடத்தைப் பறிக்கும். கட்சியே அவரை வெளியேற்றினால் பறிக்காது. ஒரு கட்சி முழுசாக ஒரு கூட்டணியை விட்டு இன்னொன்றுக்குப் போனாலும் பறிக்காது.

2020க்கு இதைப் பொருத்திப் பாருங்கள். முகைதீனின் பெர்சத்து கட்சியாகவே கூட்டணியை விட்டு வெளியேறியது, சட்டம் தொட்டிருக்காது. அன்வாரின் கட்சியான பிகேஆரிலிருந்து அஸ்மின் அலியோடு போனவர்களில் தாங்களாக விலகியவர்கள் மாட்டியிருப்பார்கள். அஸ்மினைக் கட்சியே நீக்கியது, அவர் தப்பியிருப்பார்.